பூரி ஹோட்டல் இன்னும் இருக்கிறது

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் நலம். நீ, ப்ரியா, குழந்தைகள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் போனில் கேட்டாயே, "அம்மா, அந்தப் பூரி ஹோட்டல் இன்னும் இருக்கா? டிசம்பர்ல வரும்போது பசங்களைக் கூட்டிட்டுப் போகணும்" என்று. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். இருக்கிறது. போன வாரம் மதுரைக்கு உன் மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும் வழியில் உளுந்தூர்பேட்டையில் இறங்கி, அப்பாவும் நானும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டோம். போனில் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும், அதற்குள் உனக்கு ஆபீஸிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிதானமாகப் படி.

முதலில் ரோட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ மனதில் வைத்திருக்கும் ரோடு இப்போது இல்லை. வரும்போதெல்லாம் லீவு குறைவு என்று மதுரைக்கு விமானத்தில் போய் வந்துவிடுகிறாய், அதனால் உனக்குத் தெரிந்திருக்காது. நாம் என்.எச். 45 என்று சொல்லிக்கொண்டிருந்த ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்த எண்ணே கிடையாது. 2010-ல் எண்களை மாற்றிவிட்டார்கள். சென்னையிலிருந்து திண்டிவனம் வரை 32, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை 132, அதற்கப்புறம் திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை 38. அப்பா இன்னும் 45 என்றுதான் சொல்கிறார்.

எண் மாறினால் மாறட்டும். எனக்கு மனசு கேட்காதது புளியமரங்கள்தான். இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, மேலே கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, நடுவில் இரண்டு வண்டி போகிற அகலத்துக்கு ரோடு. அடிமரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து எண் போட்டிருப்பார்கள். முழுப்பரீட்சை லீவில் போகும்போது சில இடங்களில் ஆட்கள் மரத்தை உலுக்கிக்கொண்டிருப்பார்கள். ரோட்டு மரத்துப் புளியை நெடுஞ்சாலைத் துறை ஏலம் விடும், ஏலம் எடுத்தவர்கள் கோணியை விரித்துப் பொறுக்குவார்கள். "புளி ரோட்டுல கொட்டிக் கிடக்குதே, நாமளும் எடுக்கலாமா?" என்று நீ கேட்பாய். நான்கு வழியாக அகலப்படுத்தியபோது அந்த மரங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. இப்போது நடுவில் அரளிச் செடி இருக்கிறது, பூக்கிறது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நிழல் இல்லை.

மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல்லை நீயும் உன் அக்கா வித்யாவும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எண்ணுவீர்களே, அது ஞாபகம் இருக்கிறதா? கல் என்னவோ ஒரு பக்கம்தான் வரும். அதனால் மறுபக்கம் உட்கார்ந்தவருக்குக் கோபம் வரும். பாதி வழியில் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அப்பா தீர்ப்பு சொன்னார். அந்தப் பாதி வழி எது என்பதற்கும் சண்டை. கடைசியில் பூரி ஹோட்டல்தான் பாதி என்று முடிவானது. கணக்குப்படி அது பாதியே கிடையாது, தாம்பரத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போனால் மதுரைக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது. ஆனால் நம் வீட்டில் அதுதான் பாதி.

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புவோம். செங்கல்பட்டில் கொளவாய் ஏரி வரும்போது இருட்டு. மதுராந்தகம் ஏரிக்கரையில் வெளுக்க ஆரம்பிக்கும். மேல்மருவத்தூரில் சிவப்புப் புடவைக் கூட்டம் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும். திண்டிவனத்தில் பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் பிரிந்துபோவார்கள். விழுப்புரம் தாண்டி, தென்பெண்ணைப் பாலம் தாண்டி, நம் பத்மினி கார் கொஞ்சம் முனக ஆரம்பிக்கும்போது மணி எட்டு, எட்டரை ஆகியிருக்கும். உளுந்தூர்பேட்டையில் சேலம் ரோடு பிரிகிற ஊருக்குள் நுழைந்து புங்கமர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, அப்பா இறங்கிய உடனே பானெட்டைத் திறப்பார். அவருக்கு அது ரேடியேட்டர் ஆறுகிற இடம். டிபன் சாப்பிடும்போதுகூட ஒரு கண் வண்டி மேலேயே இருக்கும்.

உனக்கு அது பூரி. சப்ளையர் இடது கையில் முழங்கை வரைக்கும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வருவார், ஒன்றுகூட ஆடாது. தட்டில் வாழையிலைத் துண்டு, அதன்மேல் இரண்டு பூரி, ஓரத்தில் கிழங்கு. பூரி வட்டமாக உப்பி நிற்கும். நீ ஆள்காட்டி விரலால் நடுவில் குத்துவாய். உள்ளேயிருந்து ஆவி உஸ்ஸென்று வந்து விரலைச் சுடும். கையை உதறிவிட்டு அடுத்த பூரியையும் அப்படியே குத்துவாய். வித்யாவுக்கோ பூரி அமுங்கக் கூடாது. அடிப்பக்கத்து ஓரத்திலிருந்து துளித்துளியாகப் பிய்த்துத் தின்பாள், மேலே உப்பல் அப்படியே நிற்கும். நீ எட்டி அவளுடைய பூரியையும் குத்திவிடுவாய். அப்புறம் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷனுக்கு அப்புறம் நெடுந்தூரம் ஓட்ட வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். ஒரு டிரைவர் பையனை அமர்த்திக்கொண்டோம், நல்ல பிள்ளை. காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம், எட்டு மணிக்கெல்லாம் உளுந்தூர்பேட்டை பக்கம் வந்துவிட்டோம். டோல்கேட்டில்கூட நிற்கிற வேலை அதிகமில்லை, 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம் ஆகிவிட்டதல்லவா. செல்போன் மேப் நேராகப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அப்பா, "தம்பி, ஊருக்குள்ள விடு" என்றார். பையனுக்குப் புரியவில்லை. "சார், பைபாஸ்லயே பெரிய ஹோட்டல் இருக்கு, பாத்ரூமெல்லாம் சுத்தமா இருக்கும்" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஊருக்குள் போய் அந்தத் தெருவை ஒரு தடவை முழுக்கத் தாண்டிவிட்டோம். திரும்பி வந்தோம். அப்போதும் தெரியவில்லை. நான் புங்கமரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். மரம் இல்லை, கால்வாய் கட்டும்போது எடுத்துவிட்டார்களாம். அப்பா கதவைத் திறந்துகொண்டு இறங்கி, நடந்து போய், ஒரு செல்போன் கடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கையைக் காட்டினார். வாசல்படியை வைத்துக் கண்டுபிடித்தார். மூன்று படி, நடுப்படி மட்டும் தேய்ந்து குழிந்திருக்கும். அந்தப் படிதான், மேலே டைல்ஸ் ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள். செல்போன் கடை இருக்கும் இடம்தான் நாம் உட்காரும் பக்கம். ஹோட்டல் இப்போது பாதியளவுதான், அந்தப் பாதியை வாடகைக்கு விட்டுவிட்டார்கள்.

பலகையும் புதிது. நீ எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே அந்த ரோட்டுப் பலகைகளில்தான். முதலில் நாம் போன காலத்தில் கடைப் பலகையின் கடைசி வரியில் தென்னாற்காடு மாவட்டம் என்று இருக்கும், நீ "தென்-னாற்-காடு" என்று மூன்றாக உடைத்துப் படிப்பாய். 1993-ல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது, அந்த ஒரு வரியை மட்டும் வெள்ளை அடித்து மேலே எழுதினார்கள். 2019 நவம்பரிலிருந்து உளுந்தூர்பேட்டை கள்ளக்குறிச்சி மாவட்டம். இப்போது பலகையில் மாவட்டமே போடவில்லை.

உள்ளே சன்மைக்கா மேஜைகள் போய் கிரானைட் வந்துவிட்டது. விறகடுப்பு இல்லை, கேஸ். அதனால் சுவரில் அந்தக் கரியும் இல்லை, உள்ளே நுழைந்ததும் கண்ணைக் கரிக்கும் அந்தப் புகையும் இல்லை. கல்லாவில் க்யூ.ஆர். அட்டை, பணம் விழுந்ததும் தமிழில் அறிவிக்கிற பெட்டி. கை கழுவும் தொட்டியின் கீழே அந்தக் கருங்கல் மட்டும் இருக்கிறது. உனக்குக் குழாய் எட்டாது, அப்பா உன்னை அதன்மேல் ஏற்றிவிட்டுப் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் கை கழுவும்போது ஒரு சின்னப் பையன் அதில் ஏறி நின்றுகொண்டு என்னையே பார்த்தான்.

பூரி சொன்னோம். நீ கேட்கப்போவது இதைத்தான் என்று தெரியும், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். பூரி உப்பித்தான் வந்தது. நன்றாக இருந்தது. ஆனால் கிழங்கு நமக்குத் தெரிந்த கிழங்கு இல்லை. பச்சை மிளகாய் தூக்கல், சாம்பாரும் காரம். அப்பா இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் அதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். அந்தக் காலத்தில் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருப்பாரே முதலாளி, அவருடைய மகன். நாற்பது சொச்சம் வயது இருக்கும். அப்பா விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவர் சொன்னதைக் கேட்டபோது நான் நினைத்தே பார்க்காத பல விஷயங்கள் புரிந்தன. "ரோடு வாசல்ல இருந்தப்போ மெட்ராஸ் போற வண்டியும் நிக்கும், திருச்சி போற வண்டியும் நிக்கும். பைபாஸ் வந்ததும் ரெண்டும் வர்றதே நின்னுபோச்சு" என்றார். பைபாஸ் பக்கம் போய்க் கடை போடலாம் என்று அவர் அப்பா யோசித்தாராம். ஆனால் அங்கே நடுவில் தடுப்பு. இந்தப் பக்கம் கடை போட்டால் இந்தப் பக்கம் வருகிற வண்டிதான், அந்தப் பக்கத்து வண்டி எங்கோ போய்த் திரும்பி வர வேண்டும், யார் வருவார்கள்? பஸ் நிற்க வேண்டுமென்றால் ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் கண்ணில் படுகிற அளவுக்குப் பலகை வேண்டும். கையில் அவ்வளவு முதல் இல்லை. சரி, ஊரிலேயே இருந்துவிடுவோம் என்று இருந்துவிட்டார்கள். கொஞ்ச காலம் ஈ ஓட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் யார் வந்து சாப்பிட்டார்கள் என்று கேட்டேன். ஊர்க்காரர்கள்தான் என்றார். விற்பனைக்கூடத்துக்கு மூட்டை கொண்டு வருகிற விவசாயிகள், தாலுகா ஆபீஸுக்கு வருகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், பஸ் மாறுவதற்கு இறங்குகிறவர்கள். "அவங்களுக்கு உறைக்கணும்மா. முன்னாடி பாதிப் பேரு குழந்தை குட்டியோட வர்ற கார்க்காரங்க, அதனால அப்பா காரத்தைக் குறைச்சுப் போடச் சொல்வாரு. இப்போ குறைச்சுப் போட்டா தட்டைத் தள்ளிட்டுப் போயிடுவாங்க." நான் கிழங்கைத் திரும்ப ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். கண்ணா, அந்த ருசி நமக்காகப் போட்ட ருசி. நாம் போவதை நிறுத்தினோம், யாருக்காகச் சமைக்கிறார்களோ அவர்கள் பக்கம் அது போய்விட்டது. எனக்கு இதில் வருத்தமே இல்லை. ரோட்டில் போகிற நாம்தான் அந்தக் கடையை வாழவைத்தோம் என்று உள்ளூர ஒரு எண்ணம் எனக்கு இருந்தது. வாழவைத்தது அந்த ஊர். காலையில் எட்டரைக்கு ஒரு மேஜை காலியில்லை. எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இன்னொன்றும் சொன்னார். 2024 டிசம்பர் ஆரம்பத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அரசூர் பக்கம் நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் போனதே, நீகூட செய்தி பார்த்துவிட்டுப் பதறிப்போய்ப் போன் செய்தாய். சென்னைக்குப் போகிற வண்டிகளெல்லாம் வழியில் மாட்டிக்கொண்டன. அன்றைக்குக் கார் காராக ஊருக்குள் வந்து கடை வாசலில் நின்றதாம். மாவு தீர்ந்து, காய் தீர்ந்து, கடைசியில் ரவை உப்புமா மட்டும் கிண்டிக் கிண்டிப் போட்டார்களாம். குழந்தைகளுக்குப் பால் கேட்டவர்களுக்குக் காசு வாங்கவில்லை என்று பக்கத்து மேஜையில் இருந்த ஒரு பெரியவர் சொன்னார். இவர் அதைச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டார். மறுநாள் தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள்.

இனி சொல்லப்போவதை நீ சின்ன வயதில் கவனித்திருக்க மாட்டாய், உன் அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அந்த ரோட்டில் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. நீயும் அப்பாவும் எங்கே வேண்டுமானாலும் வண்டியை நிறுத்திக்கொள்வீர்கள். நானும் வித்யாவும் காலை நாலு மணியிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவோம். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குள் கால் வைக்க முடியாது. முதல் தடவை அந்த ஹோட்டலில் நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது முதலாளி ஒன்றும் பேசாமல் உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். பின்னால் அவர்கள் வீடு. அவர் மனைவி வந்து என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். முற்றம், துளசி மாடம், கிணற்றடி, பக்கத்தில் கழுவிவிட்ட சுத்தமான கழிப்பறை. அடுத்த தடவையிலிருந்து நாங்கள் வண்டியை விட்டு இறங்கியதும் நேராக அங்கேதான் போவோம். நீ பூரிக்காக அந்த ஹோட்டலில் நிறுத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தாய். நான்தான் அப்பாவிடம், வேறு எங்கேயும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அதனால்தான் அந்த டிரைவர் பையன் சொன்னதில் தப்பில்லை என்றேன். பைபாஸில் இருக்கிற பெரிய ஹோட்டல்களைப் பழைய ஆட்கள் எல்லோரும் குறை சொல்கிறார்கள், விலை அதிகம், ருசி இல்லை என்று. எனக்கு அந்தக் குறை இல்லை. பெண்கள் கூச்சப்படாமல் உள்ளே போய்விட்டு வர முடிகிறதே, அது பெரிய விஷயம். நானெல்லாம் ஏங்கின விஷயம்.

அந்த அம்மா இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார். மகன் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். முற்றத்துக்கு மேலே கம்பி வலை போட்டிருக்கிறார்கள், துளசி மாடம் அதே இடத்தில். அவர் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன், பத்மினி கார், இரண்டு பிள்ளைகள், மதுரை, எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "எவ்வளவோ பேர் வருவாங்கம்மா, ஞாபகம் இல்லியே" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஞாபகம் இருக்கிறது என்று ஒப்புக்குச் சொல்லியிருக்கலாம். என்னைப்போல எத்தனை பெண்களை அவர் அந்த முற்றத்தின் வழியாக அழைத்துப் போயிருந்தால் ஒருத்தி முகமும் மனதில் நிற்காமல் போயிருக்கும்! நான் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கீரை ஆய்ந்துகொடுத்தேன். என் பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். உன்னைப் பற்றியும் கேட்டார். அமெரிக்கா என்றேன். "அங்க கீரை கிடைக்குதா?" என்றார்.

கண்ணா, இதையும் எழுதிவிடுகிறேன். அந்த ஹோட்டல் உங்கள் இரண்டு பேரையும்விட எனக்குத்தான் அதிகம் வேண்டிய இடம். ஊருக்குப் போகும் நாளில் நான் இரண்டு மணிக்கு எழுந்திருப்பேன். மத்தியானத்துக்குப் புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், உனக்குத் தனியாக ஊறுகாய் இல்லாத டப்பா, ப்ளாஸ்கில் காபி, வழியில் வாந்தி எடுத்தால் இருக்கட்டும் என்று எலுமிச்சம்பழம். மத்தியானம் வெளியில் சாப்பிடக் கூடாது என்பது அப்பாவின் சட்டம், அன்றைய வருமானத்தில் அது நியாயமான சட்டமும்கூட. காலை டிபனுக்கு மட்டும் விலக்கு. வீட்டில் தோசை என்றால் உங்கள் எல்லோருக்கும் ஊற்றி முடித்துவிட்டு, கல் ஆறுகிற நேரத்தில் எனக்குக் கடைசி தோசை, நின்றுகொண்டே சாப்பிடுவேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான், இதில் யார் மேலேயும் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த ஹோட்டலில் நான்கு தட்டும் ஒரே நேரத்தில் வரும். சப்ளையர் முதல் தட்டை என் முன்னால் வைப்பார். எனக்கு எப்போதும் ரோஸ்ட். ஓரம் முறுகலாக, தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, சுடச்சுட. சாம்பார் வாளியோடு வந்து "போதுமாம்மா?" என்று கேட்பார். போதுமா என்று என்னை யாராவது கேட்டுப் பரிமாறியது என் அம்மா வீட்டை விட்டால் அங்கேதான். நீங்கள் இரண்டு பேரும் பூரியைக் குத்திச் சண்டை போடுவீர்கள், அப்பா காரைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். என்னம்மா பேச மாட்டேங்கிற என்று ஒரு தடவை நீ கேட்டாய். எனக்குப் பேச நேரமில்லை, தோசை ஆறிவிடுமே.

போன வாரமும் ரோஸ்ட் சொன்னேன். நெய் கம்மி, முறுகல் அப்படியே.

இப்போது நீ வருகிற விஷயம். பசங்களிடம், அப்பா சாப்பிட்ட பூரி உலகத்திலேயே பெரிய பூரி என்றெல்லாம் இப்போதே சொல்லி வைக்காதே. உன் கை பெரிதாகிவிட்டது, பூரி அதே அளவுதான். அவர்கள் காரில் பின் ஸீட்டில் உட்கார்ந்தே எல்லாம் சாப்பிட்டுவிடுகிறார்கள் என்று ப்ரியா சொன்னாள். இங்கே இறக்கிவிடு. சின்னவனை அந்தக் கருங்கல்லில் ஏற்றிக் கை கழுவவிடு. காரம் குறைவாகக் கிழங்கு வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் குழந்தைகளுக்குத் தனியாகச் செய்து தருகிறேன் என்று அவர் சொன்னார், நான் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். காலை டிபன் பத்தரைக்கு முடிந்துவிடும், அதனால் சென்னையிலிருந்து ஆறு மணிக்காவது கிளம்ப வேண்டும். உனக்கு விமானக் களைப்பு இருக்கும், வந்த அன்றே வேண்டாம். டிசம்பர் முதல் பாதியில் அந்தப் பக்கம் மழை எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது, கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வைத்துக்கொள்வது நல்லது. பார்சல் வேண்டுமென்றால் தூக்குவாளி கொண்டுபோக வேண்டும், 2019-லிருந்து பிளாஸ்டிக் பையில் சாம்பார் கட்டித் தருவதில்லை, அதுவும் நல்லதுதான்.

ப்ரியாவை என் பக்கத்தில் உட்கார வை. குழந்தைகளுக்கு ஊட்டுவது அன்றைக்கு உன் வேலை. அவள் தட்டு ஆறுவதற்குள் அவள் சாப்பிட்டுவிட வேண்டும்.

வித்யாவிடமும் பேசினேன், அவளும் பெங்களூரிலிருந்து வருகிறேன் என்கிறாள். இரண்டு கார் ஆகிவிடும் என்று அப்பா இப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். புளியோதரை கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். நான் கட்டப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். மத்தியானமும் ஹோட்டல்தான். திருச்சியில் எங்கே என்று நீயும் உன் அக்காவும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், டிரைவர் பையனிடம் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா